மரம் பச்சையாக உள்ளது

ஏனுங்க தம்பி, அந்த வண்டிய அங்க நிறுத்தாதீங்க. ஆமாங்க, உங்களத்தானுங்க. மரத்துக்கு அடியில வேண்டாம். இக்கட்டால கொண்டாங்க, என்ற கேட்டுக்குள்ளயே விடுங்க, பரவால்ல. இன்னும் உள்ள. இன்னுங் கொஞ்சம். ம், போதும். ஹெல்மெட்டக் கழட்டாதீங்க, போர்ட்டிகோவுக்குள்ள வந்தப்பறம் கழட்டிக்கலாம்.

துளசிமணிகிட்டத் துணி வாங்க வந்தீங்களா? அவ அபார்ட்மெண்ட்டுக்குத் தேச்ச துணி குடுக்கப் போயிருக்கறா. நாலு மணியாகும் வர்றதுக்கு. தேய்ப்பு வண்டிய அப்படியே மரத்தடியில உட்டுட்டுப் போயிருவா. உக்காருங்க. இந்த சேர் வேண்டாமுங்க, இது என்றது. இதுல உக்காந்தாத்தான் மரம் பூராத் தெரியும். நீங்க அதுல உக்காருங்க.

பயமுறுத்தறேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்குப் பயமா இருக்குது, அதனால சொல்றேன். ஆடிக் காத்துங்க. கணவாயில இருந்து நேரா வர்ற காத்து. நீங்க புதுசா இந்தப் பக்கம்? அப்ப உங்களுக்குத் தெரியாது. காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சா பொழுதோட வரைக்கும் நிக்காது. மேல பாருங்க, அந்த மரத்துல ஒரு எல இருக்குதா? ஒண்ணு கிடையாது. தூங்குமூஞ்சி மரம், ரெண்டு ஆள் சேந்து புடிச்சாலும் அடங்காத அடிமரம், மொட்டையா நிக்குது. பட்டுப்போச்சுங்க. பட்ட மரம் காத்துக்கு வளையாது. ஒடையும்.

என்ற பேரு நாச்சிமுத்து. முப்பத்தி நாலு வருசம் மில்லுல பிட்டரா இருந்தேன். ஸ்பின்னிங்ல அத்தன மெசினு ஓடற சத்தத்துக்குள்ள, எந்த மெசின்ல எந்த பேரிங் போகப் போகுதுன்னு காதுலயே சொல்லுவேன். பேரிங் ஒடையறதுக்கு முன்னால ஒரு சத்தம் வருமுங்க. பெரிய சத்தமில்ல, பல்லக் கடிக்கற மாதிரி. அந்தச் சத்தம் இப்ப ஒரு வாரமா மரத்துல கேக்குது. என்ற சம்சாரம் குணவதிகிட்டச் சொன்னா, உங்களுக்குக் காதுல கோளாறுங்கறா. காதுல கோளாறு இருந்தா மில்லுல என்னைய முப்பத்தி நாலு வருசம் வெச்சிருப்பாங்களா?

ஆரம்பம் எதுன்னா, போன வருசத்துக்கு முந்தின ஆடிங்க. மாடியில முன் பக்கம் ஒரு பால்கனி தெரியுதில்ல, அங்க ஒரு ஈசி சேர் போட்டு மத்தியானம் படுத்திருப்பேன். நல்ல நிழலுங்க, பொய் சொல்லக் கூடாது. அன்னிக்கும் படுத்திருந்தேன். கீழ போன் அடிச்சுது. எந்திரிச்சு வந்து எடுத்தா, யாரோ ஒருத்தன், சிலிண்டர் வந்துருச்சான்னு கேக்கறான். ராங் நெம்பர். வெச்சுட்டுத் திரும்பறேன், மேல டமார்னு சத்தம். போய்ப் பாத்தா ஈசி சேர் இருந்த எடத்துல என்ற தொடை மொத்தத்துக்கு ஒரு கிளை கெடக்குது. சேரு துண்டு துண்டாப் போச்சு. நான் அந்தக் கிளையப் பாத்துட்டு அங்கயே தரையில உக்காந்துட்டேன். அந்த சிலிண்டர்காரன் நெம்பரப் புடிச்சு நன்றி சொல்லோணும்னு நெம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்.

அன்னையில இருந்து எனக்குத் தூக்கமில்லீங்க. கட்டில முன் ரூம்புல இருந்து பின் ரூம்புக்கு மாத்தியாச்சு. அப்படியும் பயம் போகல. சரி, மரத்த எடுத்துரலாம்னு நான் மாநகராட்சிக்குப் போனேன். இதுல ஒண்ணும் தப்பில்லீங்களே? முறைப்படி மனு குடுத்தேன்.

அங்க போனப்பறந்தான் தெரியும், மரத்துக்கு இத்தன சட்டம் இருக்குதுன்னு. ரோட்டோரம் நிக்கற மரத்துக்கெல்லாம் நெம்பர் போட்டு எழுதியிருக்காங்க. நம்மளுது நாப்பத்தொண்ணு. அடியில மஞ்சப் பெயிண்ட்டுல தெரியுது பாருங்க. யாரும் கத்தி வெக்கக் கூடாது. கிளை கழிக்கறதுன்னாலும் அவிய லிஸ்ட்டுல பேர் இருக்கற மரமேறிகதான் ஏறோணும். ஒரு வருசத்துக்கு நாலுல ஒரு பங்குக்கு மேல கிளை எடுக்கக் கூடாது. முழுசா எடுக்கோணும்னா அதுக்கு ஒரு கமிட்டி. மனு குடுத்தா, மரத்துலயே நோட்டீஸ் ஒட்டுவாங்க. ஆட்சேபணை இருக்கறவிய பதினஞ்சு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கலாம்.

இன்ஸ்பெக்டரா ஒரு சின்னப் புள்ள வந்துச்சு. கவிப்பிரியான்னு பேரு. இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசிருக்கும். ஒரு மரச் சுத்தியல வெச்சு மரத்தச் சுத்திச் சுத்தித் தட்டுது, காத வெச்சுக் கேக்குது. எனக்கு அதப் பாத்ததும் புடிச்சுப் போச்சு. நானும் அப்படித்தான மெசினத் தட்டிப் பாப்பேன். எல்லாம் தட்டிட்டு, "சார், உள்ள கெட்டியா இருக்குது. நல்ல மரம். எடுக்க அனுமதி குடுக்க முடியாது"ன்னுருச்சு.

"அப்ப என்ற ஊட்டுப் பக்கம் சாஞ்சிருக்கற கிளையவாச்சும் கழிச்சுக் குடுங்க அம்மணி"ன்னேன்.

அது குனிஞ்சு பைலப் பாக்குது. "இந்த வருசத்துக்கு நாலுல ஒரு பங்கு ஏற்கனவே எடுத்தாச்சுங்களே சார்"ங்குது.

யாரு எடுத்தது? கரண்ட்டு லைன்காரங்க. அவிய வருசா வருசம் வருவாங்க, கம்பி போற ரோட்டுப் பக்கத்துக் கிளைய மட்டும் வெட்டிட்டுப் போவாங்க. அந்தப் பக்கம் வெட்ட வெட்ட, பாரம் பூரா இந்தப் பக்கம் வருது, என்ற ஊட்டுப் பக்கம். அந்தக் கிளைய எடுக்கோணும்னா அடுத்த வருசம் ஆகோணுமாம். அடுத்த வருசம் மறுபடியும் லைன்காரங்க முந்திக்குவாங்க. நான் எங்க போய்ச் சொல்றது?

இதுல துளசிமணி வேற. மனு குடுத்து நோட்டீஸ் ஒட்டுனதும் பன்னெண்டு நாளாக் கம்முனு இருந்தா. பதிமூணா நாள் ஆட்சேபணை எழுதிக் குடுத்துட்டா. தேய்க்க வர்ற எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி, இருவத்தி மூணு கையெழுத்து. பத்தொம்பது வருசமா இந்த மரத்தடியில நிக்கறேன், மரம் போனா எனக்கு நிக்க எடமில்லைன்னு எழுதியிருக்கறா. அவ சொல்லச் சொல்ல இந்த முக்குல இருக்கற தையல்காரர் மக எழுதிக் குடுத்துச்சாம். நான் கேட்டேன், "ஏம்மணி, நாளைக்குக் கிளை விழுந்தா மொதல்ல உன்ற தலையிலதான விழுகும்?"

அதுக்குச் சொல்றா, "பத்தொம்பது வருசமா விழுகலீங்ணா. என்ற மேல அதுக்குக் கோவம் எதும் இல்லீங்க."

அப்ப என்ற மேல கோவமாமா. பேச்சப் பாத்தீங்களா?

ஒரு மாசங் கழிச்சு பதில் வந்துச்சுங்க. இதா, இந்தப் பர்சுலயே வெச்சிருக்கறேன், மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சு போச்சு. படிங்க. வேண்டாம், நானே சொல்றேன், எனக்கு மனப்பாடம். 'மேற்படி மரம் பச்சையாக உள்ளது. எனவே அகற்ற அனுமதிக்க இயலாது. மரம் பட்டுப்போகும் நிலையில் மனுதாரர் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.'

நீங்களே சொல்லுங்க, படிச்சவிய. பட்டுப்போனா வாடான்னு அவியளே எழுதிக் குடுத்துருக்காங்க, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சு. நான் என்ன பண்ணுவேன்?

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா? சரி.

மில்லுல என்கூட ஆறுச்சாமின்னு ஒருத்தன் இருந்தான். அவன் ஒருக்கா டீ குடிக்கறப்பச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. வேண்டாத மரத்துக்கு அவிய ஊருப் பக்கம் பெருங்காயம் வெப்பாங்களாம். அடிமரத்துல ஓட்டை போட்டு, கட்டிப் பெருங்காயத்த உள்ள திணிச்சு அடைச்சுட்டா, கொஞ்சங் கொஞ்சமா மரம் தானாப் பட்டுப்போகுமாம். நான் அப்பச் சிரிச்சேன்.

போன தை மாசம். ஒரு மத்தியானம் இதே நேரந்தான், துளசிமணி துணி குடுக்கப் போயிருந்தா. குணவதி பொண்ணு ஊட்டுக்குப் போயிருந்தா. டிரில்லிங் மெசின் என்கிட்டயே இருக்குது. நாலு ஓட்டைங்க. அடியில, என்ற காம்பவுண்டுச் சுவத்துப் பக்கமா, செம்பருத்திச் செடி மறைக்கற எடத்துல. ஒண்ணுக்கொண்ணு ஒரே எடைவெளி, உள்பக்கம் கொஞ்சம் கீழ சாஞ்சாப்புல, முனையில ஒரு பிசிறு கிடையாது. முப்பத்தி நாலு வருசக் கை. பெருங்காய டப்பா பூராத் தீந்துச்சு. மேல சிமெண்ட்டு வெச்சுப் பூசி, மரத்தூளத் தூவி உட்டுட்டேன். பாத்தா யாருக்கும் தெரியாது.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல. வெளியூர்க்காரர்னு தோணுச்சு, அதனால இருக்கும்.

ஆனா ஒண்ணு கேக்கறேன் தம்பி. பெருங்காயத்துலயா இத்தாம் பெரிய மரம் சாகும்? நம்ம தெனமும் ரசத்துல போட்டுக் குடிக்கறோம், நம்ம சாகறமா? நான் நம்பலீங்க. மரத்தச் சுத்தி ரோட்டுக்காரங்க வேர் வரைக்கும் கான்கிரீட் போட்டு மூடிட்டாங்க, அது காரணமா இருக்கும். லைன்காரங்க ஒரு பக்கமாவே வெட்டுனது காரணமா இருக்கும். மழையும் இல்ல. எத்தனையோ இருக்குது. ஆனா குணவதி ரசம் வெச்சா இப்ப எனக்கு எறங்க மாட்டேங்குது. சமையக்கட்டுப் பக்கமே போறதில்ல.

மாசி பங்குனியில எல உதுந்துச்சு. அது வருசா வருசம் உதுக்கறதுதான். சித்திரையில துளிர்க்கோணும். துளிர்க்கல. வைகாசியில பட்டை உரிய ஆரம்பிச்சுது. துளசிமணி தெனம் காலையில ரெண்டு கொடம் தண்ணி ஊத்துவா. அரிசி கழுவுன தண்ணி கொண்டாந்து ஊத்துவா. மரத்துக்கு மஞ்சத் துணி கட்டியிருக்கறா பாருங்க, அந்தக் கவட்டையில. நான் இங்க உக்காந்து பாத்துட்டே இருப்பேன். பாவமாத்தான் இருக்குமுங்க. நான் என்ன கல்லா?

ஆனி மொத வாரம் ரெண்டாவது மனு குடுத்தேன். பட்டுப்போச்சு, எடுங்கன்னு. கவிப்பிரியா வந்துச்சு. தட்டிப் பாத்துச்சு. அதோட மொகம் மாறிப்போச்சுங்க. நெம்ப நேரம் மரத்து மேல கைய வெச்சுட்டே நின்னுச்சு. அப்பறம் என்கிட்ட வந்து, "சார், நல்லா இருந்த மரம். ஒண்ணரை வருசத்துக்கு முன்னாடி நானே கெட்டின்னு எழுதியிருக்கறேன். இப்படித் திடீர்னு பட்டா அப்படியே எடுத்தற முடியாது. அடியில சுத்தி பட்டைய உரிச்சுப் பாக்கோணும். ஓட்டை கீட்டை போட்டு யாராச்சும் எதாச்சும் வெச்சிருந்தா போலீஸ் கேஸாகும். அடுத்த வாரம் ஆளோட வர்றேன்"னுச்சு.

எனக்கு அறுவத்தி நாலு வயசு. ஒரு மெமோ வாங்காம ரிட்டையர் ஆனவன். என்ற மருமகன் வாத்தியாரு. போலீஸ் ஊட்டு முன்னால வந்து நின்னா நான் எப்படிங்க வெளியில தல காட்டறது? அடுத்த நா காலையில ஆபீஸ் தொறக்கறதுக்கு முன்னாடி போய் நின்னு மனுவ வாபஸ் வாங்கிட்டேன். காரணம் எழுதச் சொன்னாங்க. 'மரம் மறுபடியும் துளிர்க்கும் என்று நம்புவதால்'னு எழுதினேன்.

அந்தப் புள்ளைக்குக் கண்ணே கலங்கிப்போச்சுங்க. "உங்கள மாதிரி ஆளுங்க இருந்தாப் போதும் சார்"னுச்சு. சரி, ஒரு சீசன் பொறுத்துப் பாக்கலாம்னு பைல மூடி வெச்சுருச்சு. வர்ற சுதந்திர தினத்தன்னிக்கு வார்டு ஆபீஸ்ல எனக்குப் பொன்னாடை போத்தறாங்களாம். மரங்களின் நண்பர்னு. லெட்டர் வந்துருக்குது. குணவதி பிரேம் போடோணுங்கறா.

அதனால இப்ப மரத்த யாரும் தொட மாட்டாங்க. நானாத் தனியா ஆள் புடிச்சுப் பாத்தேன். ரெண்டு மரமேறிக வந்தாங்க. மேல பாத்தாங்க, அப்படியே திரும்பிட்டாங்க. "பச்சை மரம்னா கயித்த மரத்துலயே கட்டி ஏறுவோமுங்க. இதுல கயித்த எதுல கட்டறது? அதுவும் பர்மிசன் லெட்டர் இல்லாம"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவிய சொல்றதும் ஞாயந்தான்.

இப்ப ஆடி வந்துருச்சு. நான் வேற வேலை ஒண்ணும் பண்றதில்லீங்க. காலையில சேரப் போட்டு உக்காந்தா பொழுதோட எந்திரிப்பேன். ஸ்கூல் புள்ளைக வந்தா, அக்கட்டால போங்க கண்ணுகளான்னு கத்துவேன். பால்காரர், கொரியர்காரர், யாரு நின்னாலும் கூப்புடுவேன். இந்தத் தெருவுல எனக்குப் பைத்தியம்னு பேரு வந்தாச்சு. வந்துட்டுப் போகுது. எல்லாரையும் நகத்திட்டேன் தம்பி. அவ ஒருத்திய நகத்த முடியல.

துளசிமணிதானுங்க. மரம் நெழல் குடுக்கறதில்லன்னு என்ன பண்ணியிருக்கறா பாருங்க. நீலத் தார்ப்பாய் தெரியுதா? ஒரு முனைய என்ற காம்பவுண்டுக் கம்பியில கட்டியிருக்கறா. இன்னொரு முனைய எதுல கட்டியிருக்கறா? அந்தக் கிளையில. ஊட்டுப் பக்கம் சாஞ்சிருக்கற அதே கிளையில. காத்து அடிச்சாத் தார்ப்பாய் உப்புது, கிளையப் புடிச்சு இழுக்குது. நான் இங்க உக்காந்து, அது இழுக்க இழுக்கக் கைய இறுக்கிக்குவேன். கை பூரா வலி.

கூப்புட்டுப் பாத்தேங்க. ஒருக்காவா? "அம்மணி, வண்டிய என்ற போர்ட்டிகோவுல போட்டுக்க. கரண்ட்டு வேணும்னாலும் எடுத்துக்க"ன்னேன். என்னைய ஏற எறங்கப் பாத்தா. "எதுக்குங்ணா?"ங்கறா. போன வருசம் நாந்தான் கரிப் புகை ஊட்டுக்குள்ள வருதுன்னு அவ மேல புகார் பண்ணுனேன், வாஸ்தவந்தான். அதனால கேக்கறா. சாக்கடை தோண்ட வர்றாங்கன்னேன். வந்தாப் பாத்துக்கறேங்ணா, அப்படின்னா. சுவத்தோரம் பாம்பு கெடக்குதுன்னேன். சிரிச்சா. ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு. "காரணத்தச் சொல்லுங்ணா, வர்றேன்." நான் சொல்ற காரணம் ஒண்ணும் அவளுக்குக் காரணமாத் தெரியல. பிடிவாதக்காரி. நல்லது சொன்னாக் கேக்கற ஆளில்ல.

அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க. சின்னது இப்பத்தான் நர்சிங் சேந்துருக்குது. புருசன் இல்ல. அந்தக் கிளை விழுந்துச்சுன்னா… நான் அதுக்கு மேல நினைக்கறதில்லீங்க. ஓட்டை போட்டப்ப என்ற தலைய மட்டுந்தான் நினைச்சேன். மரம் பட்டா எடுத்துருவாங்கன்னு நினைச்சேன். பட்டு நிக்கும்னு நினைக்கல.

ஒரு தடவை மாட்டிக்கிட்டேன்னே நினைச்சேங்க. ரெண்டு மாசம் இருக்கும். தேச்ச துணி கொண்டாந்தா. துணி மேல ஒரு காயிதப் பொட்டணம். "இது உங்களுதுங்ணா. சட்டைப் பையில இருந்துச்சு"ன்னு குடுத்தா. பிரிச்சுப் பாத்தா பெருங்காயக் கட்டி. கறுத்துப்போய், மேல மரத்தூள் ஒட்டிட்டு. எனக்கு உசுரே போயிருச்சு. அப்பறம் யோசிச்சேன். ஓட்டை போட்ட அன்னிக்குப் போட்டிருந்த சட்டையா இருக்கும், மிச்சம் பையிலயே கெடந்துருக்கும். அதுக்கப்பறம் அந்தச் சட்டைய எத்தன தடவை தொவைச்சாச்சு, அப்படியும் கரையாமக் கெடக்குது பாருங்க, அசல் கட்டி. என்ற மறதிதான். நல்லவேளை, அவளுக்கு ஒண்ணும் புரியல. கைய நீட்டிக் குடுத்தா, என்ற மொகத்தப் பாத்தா, போயிட்டா.

அன்னிக்குச் சாயங்காலமே போய் ஓட்டையப் பாத்தேன். மூணு அடைப்பு அப்படியே இருந்துச்சு. ஒண்ணு மட்டும் விழுந்து போயிருந்துச்சு. அணில் நோண்டியிருக்கும். மறுபடி பூசி உட்டுட்டேன்.

அதா வந்துட்டா. சைக்கிள்ல வர்றா பாருங்க. உங்க துணி மூட்டையும் பின்னால இருக்குது போல. இருங்க, எந்திரிக்காதீங்க. நீங்க அங்க போக வேண்டாம், அவள இங்க வரச் சொல்றேன். துளசி! இந்தத் தம்பி துணிக்கு நிக்கறாரு, இங்க கொண்டா!

கேக்கல. காத்து இப்படி அடிச்சா எப்படிக் கேக்கும்? கரிய விசிறி உடறா. தம்பி, தார்ப்பாயப் பாருங்க. பாத்தீங்களா உப்பறத? காலையில இருந்து இந்தளவுக்கு அடிக்கல.

சித்த பேசாம இருங்க.

கேட்டுச்சா? உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா? பல்லக் கடிக்கற சத்தம். மறுபடியும். இது அதானுங்க, எனக்குத் தெரியும், இது ஒடையப் போற சத்தம்.

துளசி! அம்மணி, அந்த எடத்த உட்டு வா! வண்டி கெடக்கட்டும், நீ வா!

"எதுக்குங்ணா?"

பாருங்க, அதே கேக்கறா. கையில விசிறி மட்டைய வெச்சுட்டு நின்னு கேக்கறா. சாக்கடைக்கு ஆள் வந்துருச்சு, ரோட்டு முக்குல நிக்கறாங்க, வா அம்மணி! நகர மாட்டேங்கறா. திரும்பிக் கரிய விசிறறா. நான் போகோணும். தம்பி, கேட்டப் புடிச்சுக்கங்க, எனக்குக் கால் வரமாட்டேங்குது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நான் ஒரு மாசமாப் போகல.

துளசி, நாந்தான்! மரத்துக்கு நாந்தான் அம்மணி பெருங்காயம் வெச்சேன். நாலு ஓட்டை. நாந்தான் கொன்னேன். உள்ள பட்டுப்போச்சு, ஒடையுது, எனக்குக் கேக்குது. வந்துரு சாமி, வந்துரு.

வர்றா. வர்றா தம்பி. தார்ப்பாய் முடிச்ச அவுத்துட்டா. வண்டிய உட்டுட்டு வான்னாக் கேக்காம அதையும் தள்ளிட்டு வர்றா, ஒரு கை குடுங்க, பொட்டி சூடா இருக்குது, ஓரமாப் புடிங்க. உள்ள கொண்டாங்க. இன்னும் உள்ள. செங்கல்ல ரெண்டு எடுத்துச் சக்கரத்துக்குப் போடு அம்மணி. அவ்வளவுதான். அவ்வளவுதான்.

நான் உக்காந்துக்கறேன்.

தம்பி, அவ ஒண்ணும் கேக்கலீங்களே. திட்டுவான்னு நினைச்சேன். அழுவான்னு நினைச்சேன். அப்படியான்னு ஒரு வார்த்தை கேக்கல. முடிச்ச அவுத்தா, வந்துட்டா. உங்க சட்டைய எடுத்து எண்ணிட்டு நிக்கறா. காரணத்தச் சொன்னா வர்றேன்னு ரெண்டு மாசமாச் சொல்லிட்டே இருந்தா. சொன்னேன், வந்துட்டா.

அந்தப் பொட்டணம்… சட்டைப் பையில இருந்துச்சுன்னு குடுத்தாளே. அது என்ற மறதி இல்லீங்களா தம்பி? அணில் இல்லீங்களா? துளசி, நீயா அம்மணி? ரெண்டு மாசமா அது அடியிலயே நின்னயா, தெரிஞ்சுட்டே?

தலையக்கூட நிமுத்தல பாருங்க. "அந்த இன்ஸ்பெக்டர் புள்ளைக்குப் போன் போடுங்ணா, ஸ்கூல் உடற நேரமாச்சு"ங்கறா.

ஆமா. ஸ்கூல் உடற நேரம். நாலரைக்குப் புள்ளைக வந்துரும். தம்பி, நீங்க போய் அந்த முக்குல நின்னு யாரையும் உடாதீங்க. துளசி, நீ இந்த முக்குல நில்லு. என்ற போன எங்க வெச்சேன்? இங்க இருக்குது. நெம்பர் இருக்குது, 'கவி'ன்னு போட்டு இருக்குது, எனக்குக் கண்ணு தெரியல, நீங்க அமுக்கிக் குடுத்துட்டுப் போங்க.

ரிங் போகுது.

மேடமுங்களா? நாச்சிமுத்து பேசறேனுங்க. நாப்பத்தொண்ணாம் நெம்பர் மரம். இல்லீங்க மேடம், துளிர்க்கல. துளிர்க்காதுங்க. நீங்க இப்பவே ஆளக் கூட்டிட்டு, கயிறு மெசினோட வரோணும், ரோட்ட அடைக்கோணும். இல்லீங்க, பட்டைய உரிச்சுப் பாக்கறதுக்கு நாள் வேண்டாமுங்க. எந்த எடம்னு நானே காட்டறேன்.